விரல் ஒட்டிப் பிறந்த குழந்தையை எப்போது காட்டுவது? எங்கள் வீட்டு அனுபவம்

கையில் பிறவி மாறுபாடு உள்ள குழந்தைக்கு எந்த வயதில் அறுவை சிகிச்சை செய்வது என்பதை மருத்துவர் முடிவு செய்வார்; அந்த மருத்துவரிடம் குழந்தையை எப்போது கொண்டுபோய்க் காட்டுவது என்பதை வீட்டார்தான் முடிவு செய்தாக வேண்டும். எங்கள் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் இந்த இரண்டும் ஒன்றாகக் குழம்பிப்போய், "கொஞ்சம் வளரட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்ற பேச்சிலேயே ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. என் தம்பி மகளுக்கு அப்படித்தான் ஓடின. அந்தத் தாமதத்தில் அவள் எதை இழந்தாள், சிகிச்சைக்குப் பிறகு எது திரும்பக் கிடைத்தது என்பதைக் கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கலங்கி நிற்கும் பெற்றோருக்காக எழுதுகிறேன். நான் அரசுப் பள்ளி ஆசிரியை. மருத்துவம் படித்தவள் இல்லை. மருத்துவர்கள் எங்களுக்கு விளக்கியதையும் நாங்கள் கண்ணால் பார்த்ததையும் மட்டுமே இங்கே சொல்கிறேன்.

பாலக்கோட்டுக்கு அருகில் உள்ள எங்கள் கிராமத்தில், 2020 பிப்ரவரி இறுதியில் அவள் பிறந்தாள். வலது கையில் நடுவிரலும் மோதிர விரலும் சுண்டு விரலும் நுனி வரை ஒட்டியிருந்தன. இடது கையில் எந்தக் குறையும் இல்லை. எடை, அழுகை, பால் குடிப்பது எல்லாம் சரியாக இருந்ததால் மருத்துவமனையில் விரல்களைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. அடுத்த சில நாட்களில் என் தம்பி பக்கத்து ஊர் மருத்துவர் ஒருவரிடம் காட்டியபோது, "எலும்பு முத்தட்டும், அஞ்சு வயசுக்கு மேல செஞ்சுக்கலாம்" என்று சொல்லி அனுப்பினார். அவர் குழந்தையின் கைக்கு எக்ஸ்ரே எடுக்கவில்லை, கை அறுவை சிகிச்சை செய்யும் இடம் எதற்கும் அனுப்பவில்லை. மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. பெங்களூரில் கட்டட வேலை பார்த்துக்கொண்டிருந்த தம்பி வேலையிழந்து ஊர் திரும்பினான். மருத்துவமனைகளில் அவசரமில்லாத அறுவை சிகிச்சைகள் எல்லாம் தள்ளிப்போடப்பட்டன. பேருந்துகள் மீண்டும் ஓடத் தொடங்கிய பிறகும் அந்த ஐந்து வயதுக் கணக்கு எங்கள் வீட்டில் அப்படியே நின்றுவிட்டது. நான் அப்போது ஊத்தங்கரைப் பக்கம் பணியில் இருந்தேன். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் இன்னொரு மருத்துவரிடம் கேட்கலாம் என்று சொல்வேன். டாக்டரே சொல்லிவிட்டார் என்ற பதிலுக்கு மேல் பேச்சு நகராது.

மருத்துவரின் பேச்சைக் காட்டிலும் கனமாக எங்களை அழுத்திய காரணம் ஒன்று உண்டு. 2019 டிசம்பர் 26 அன்று சூரிய கிரகணம் நிகழ்ந்தது. கோயம்புத்தூர், திண்டுக்கல் பக்கங்களில் வளையமாகத் தெரிந்த அது, எங்கள் ஊரில் பகுதியாகத் தெரிந்தது. அன்று காலை தம்பி மனைவி அரிவாள்மனையில் கத்தரிக்காய் நறுக்கினாள் என்பதை என் அம்மா நினைவில் வைத்திருந்தார். குழந்தையின் கையைப் பார்த்த நாளிலிருந்து அந்தக் கத்தரிக்காய்தான் வீட்டில் பேச்சாக இருந்தது. அந்தப் பெண் தன் பிள்ளையின் வலது கையைத் துண்டால் மூடியபடியே தூக்கி வருவாள். திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் போவதைக் குறைத்துக்கொண்டாள். பின்னாளில் சென்னையில் அறுவை சிகிச்சை நிபுணர் விளக்கியபோதுதான் அவள் அழுது தீர்த்தாள். கருவில் கை முதலில் ஒரு தட்டைப் போலத்தான் உருவாகிறது. விரல்களுக்கு இடையே இருக்கும் திசு தானாகவே கரைந்து விரல்கள் பிரிகின்றன. இவையெல்லாம் கருவுற்ற முதல் 8 வாரங்களுக்குள் நடந்து முடிந்துவிடுகின்றன. அந்தத் திசு கரையாமல் நின்றுவிட்டால் விரல்கள் ஒட்டியே இருந்துவிடும். கிரகணத்தன்று அவளுக்கு ஏழு மாதம் முடிந்திருந்தது. குழந்தையின் விரல்கள் உருவாகி எத்தனையோ மாதங்கள் ஆகியிருந்தன. "அப்ப நான் நறுக்குனதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லியா அக்கா?" என்று வெளியே வந்ததும் என்னிடம் மறுபடி கேட்டாள். தாயின் மேல் ஏற்றப்படும் இந்தப் பழி, குழந்தையை வெளியே காட்டவிடாமல் செய்வதால், சிகிச்சைக்கும் அதுவே தடையாகிறது. வீட்டுப் பெரியவர்களிடம் இந்த மாதக் கணக்கைப் பொறுமையாக எடுத்துச் சொல்ல ஒருவராவது முன்வர வேண்டும்.

தாமதத்தால் விரலுக்கு என்ன ஆகிறது என்பதை நாங்கள் மெல்ல மெல்லத்தான் கண்டோம். மோதிர விரல் நீளமானது, சுண்டு விரல் குட்டையானது. இரண்டும் வளர்கின்றன, ஆனால் ஒரே அளவில் வளர்வதில்லை. உயரம் ஒவ்வாத இரண்டு மாடுகளை ஒரே நுகத்தில் பூட்டினால் பெரிய மாடு கழுத்தைச் சாய்த்து நடப்பதைப் போல, அவளுடைய மோதிர விரல் நடுமூட்டில் மடங்கி, சுண்டு விரல் பக்கமாகச் சாய்ந்து வளர்ந்தது. ஒரு வயதில் கூர்ந்து பார்த்தால்தான் அந்தச் சாய்வு தெரியும். மூன்று வயதில் எதிரே உட்கார்ந்திருப்பவருக்கே தெரிந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சரியாக இருந்ததால் சிறு பொருள்களை எடுத்துவிடுவாள். கேழ்வரகுக் களியைப் பிட்டுக் குழம்பில் தோய்த்து எடுக்க அவளால் முடியவில்லை; களி மடங்கிய விரல்களின் பள்ளத்தில் ஒட்டிக்கொள்ளும், கை முழுக்கக் குழம்பு வழியும், அவள் தட்டைத் தள்ளிவிட்டு அம்மாவை ஊட்டச் சொல்வாள். திருவிழாவில் வளையல் போடும்போது இடது கையை மட்டும் நீட்டுவாள். அங்கன்வாடியில் வலது கையைப் பாவாடை மடிப்புக்குள் செருகிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்று பணியாளர் சொன்னார்.

2024-ல் அவளுக்கு வந்த காய்ச்சல்தான் வழி திறந்தது. சேலத்தில் ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். குளுக்கோஸ் ஏற்ற நரம்பு தேடி அவளுடைய வலது கையை எடுத்த இளம் மருத்துவர் ஒருவர், விரல்களைத் தடவிப் பார்த்துவிட்டு, "இந்த சைடு விரலை ஒரு வயசுக்குள்ளயே பிரிச்சிருக்கணுமே, யாரும் சொல்லலையா?" என்று கேட்டார். காய்ச்சல் சரியானதும் அவரே சென்னையில் உள்ள அரசு மருத்துவமனை ஒன்றின் பிளாஸ்டிக் சர்ஜரி துறைக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

அங்கே பார்த்த நிபுணர் கையைப் பார்ப்பதற்கு முன்பாகச் சட்டையைக் கழற்றச் சொன்னார். விரல் ஒட்டிய குழந்தைகளில் சிலருக்கு அதே பக்கத்து மார்புத் தசை இல்லாமலிருக்கும் என்றும், அதனால் மார்பையும் கால் விரல்களையும் இதயத்தையும் சேர்த்தே பார்ப்பது வழக்கம் என்றும் சொன்னார். எக்ஸ்ரேயில் எலும்புகள் தனித்தனியாகத் தெரிந்தன. தோலும் சதையும்தான் ஒட்டியிருந்தன. பிறகு தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு விரலாகத் தொட்டு அவர் விளக்கியதை நான் அன்று பேருந்திலேயே எழுதி வைத்துக்கொண்டேன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒட்டியிருந்தாலும், மோதிர விரலும் சுண்டு விரலும் ஒட்டியிருந்தாலும், நீளம் வெவ்வேறாக இருப்பதால் விரல் கோணலாக வளரும். ஆகவே 6 மாதம் முதல் ஒரு வயதுக்குள் பிரிப்பது நல்லது. நடுவிரலும் மோதிர விரலும் ஏறக்குறைய ஒரே நீளம் என்பதால் ஒன்றரை வயது, இரண்டு வயது வரை காத்திருக்கலாம். பிரிப்பது என்றால் நடுவில் ஒரு கோடு கிழித்துத் தைப்பது என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். ஒட்டிய இரண்டு விரல்களைச் சுற்றியிருக்கும் தோல், பிரித்த பிறகு அவற்றைத் தனித்தனியாக மூடப் போதாது. அதனால் தோலை வளைந்து வளைந்து வெட்டி மாற்றிப் பொருத்துவார்கள், போதாத இடத்துக்கு உடம்பின் வேறு பகுதியிலிருந்து தோல் எடுத்து ஒட்டுவார்கள். நேர்க்கோட்டில் வெட்டினால் தழும்பு இறுகி விரலை மடக்கிவிடுமாம்.

மூன்று விரல்களையும் ஒரே நாளில் பிரிக்க முடியாது என்பதையும் அங்கேதான் அறிந்தோம். நடுவே இருக்கும் மோதிர விரலின் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கத்தி பட்டால் அதன் இரத்தக் குழாய்கள் சேதமாகி விரலே கருகிவிடும் ஆபத்து உண்டு. ஆகவே முதலில் சுண்டு விரல், சில மாதங்கள் கழித்து நடுவிரல் என்று இரண்டு அறுவை சிகிச்சைகளாகத் திட்டமிட்டார்கள். சிறு வயதிலேயே தொடங்க வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்: இரண்டு கட்டம், இடைவெளி, பயிற்சி எல்லாம் பள்ளியில் சேர்வதற்கு முன் முடிந்துவிட்டால், குழந்தை எழுதத் தொடங்கும்போது கை தயாராக இருக்கும்.

நாள் குறித்த பிறகும் ஒரு முறை தள்ளிப்போனது. இரத்தப் பரிசோதனையில் அவளுக்கு ஹீமோகுளோபின் குறைவாக இருந்ததால் மயக்க மருந்து கொடுக்கத் தயங்கினார்கள். இரும்புச்சத்து மருந்தும் பூச்சி மாத்திரையும் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகளில் இந்தச் சோகை மிக வழக்கமான ஒன்று என்பதைப் பள்ளியில் அன்றாடம் பார்க்கிறேன். அறுவை சிகிச்சைக்குத் தேதி வாங்கும் அன்றே ஹீமோகுளோபின் அளவைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, கீரை, பேரீச்சை, மருந்து என்று அன்றே தொடங்கிவிடுவது நல்லது. சளியோ காய்ச்சலோ இருந்தால் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று மறைத்தால் மயக்க மருந்தின்போது மூச்சுக்குத்தான் ஆபத்து.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு கட்டு விரலில் மட்டும் இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தோம். முழங்கையை மடக்கி, அதற்கு மேல் வரை மாவுக்கட்டு போட்டிருந்தார்கள். சிறு பிள்ளைகள் குட்டையான கட்டை உருவி எறிந்துவிடுவார்கள் என்பதால் அப்படிச் செய்வார்களாம். தையல் தானாகக் கரையும் வகை என்பதால் பிரிக்கும் வேதனை இல்லை. ஒட்டுத் தோலைத் தொடை இடுக்கிலிருந்து எடுத்திருந்தார்கள். அது சுற்றியுள்ள தோலைவிடக் கறுப்பாக இருக்கும் என்றும், பருவ வயதில் அதில் முடி வளரக்கூடும் என்றும் முன்கூட்டியே சொன்னது நல்லதாயிற்று. கட்டோடு இருந்த நாட்களில் எங்களுக்குக் கொடுத்த எச்சரிக்கை சுருக்கமானது: வெளியே தெரியும் விரல் நுனி நீலமாகவோ வெளுப்பாகவோ மாறினாலும், கட்டிலிருந்து துர்நாற்றம் வந்தாலும், காய்ச்சல் அடித்தாலும், பிள்ளை ஓயாமல் அழுதாலும் உடனே வர வேண்டும். ஊரிலிருந்து சென்னை தூரம் என்பதால், இரவில் ஏதாவது ஆனால் அருகில் எங்கே போவது என்று முன்னதாகவே கேட்டு எழுதி வாங்கிக்கொண்டோம். இதை ஒவ்வொரு குடும்பமும் செய்ய வேண்டும்.

கட்டு பிரித்த பிறகுதான் வீட்டாரின் பங்கு தொடங்குகிறது என்று சொல்லலாம். தழும்பை எண்ணெய் தொட்டு அழுத்தி நீவிவிட வேண்டும்; விரல்களை நிமிர்த்தி வைக்கும், வெல்குரோ பட்டை வைத்த ஸ்பிளிண்ட் என்ற தாங்கியை இரவில் கட்டிவிட வேண்டும்; பகலில் விரல்களை வேலை வாங்க வேண்டும். பிசியோதெரபிஸ்ட் சொன்ன பயிற்சிகளில் பாதியை என் அம்மா விளையாட்டாக மாற்றிவிட்டார். பல்லாங்குழியில் புளியங்கொட்டைகளைச் சுண்டு விரலையும் சேர்த்து அள்ளச் சொல்வார். கேழ்வரகு மாவு பிசையும்போது ஒரு உருண்டையை அவளிடம் கொடுத்து அழுத்தச் சொல்வார். வேர்க்கடலையை இரண்டு விரலால் உடைக்கச் சொல்வார். கிரகணத்தைச் சொல்லி மருமகளைக் குத்திப் பேசிய அதே அம்மாதான் இதை ஒரு நாளும் விடாமல் செய்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இரண்டாம் கட்டமும் 2025 கோடையில் முடிந்து, அவள் முதல் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். மூன்று விரல்களும் தனித்தனியாக அசைகின்றன. களியை அவளே பிட்டுச் சாப்பிடுகிறாள். வலது கைக்கும் வளையல் கேட்கிறாள். மோதிர விரலின் நடுமூட்டு மட்டும் முழுவதும் நிமிரவில்லை. நான்கு ஆண்டுகளுக்கு மேல் மடங்கியே வளர்ந்த மூட்டு என்பதால் அதன் பக்கத்துத் தசைநார்கள் சுருங்கிவிட்டன, எலும்பும் சற்றுச் சாய்ந்துவிட்டது. ஒரு வயதுக்குள் பிரித்திருந்தால் அந்த விரல் இப்படி மடங்கியிருக்காது என்று நிபுணர் தெளிவாகவே சொன்னார். அந்தச் சொல் இப்போதும் மனத்தை அறுக்கிறது. விரல்களைப் பிரிப்பதை எந்த வயதிலும் செய்யலாம். கோணலான வளர்ச்சியை முழுவதும் திருப்பி எடுக்க முடிவதில்லை.

எல்லாக் கைகளுக்கும் ஒரே அவசரம் இல்லை. சில குழந்தைகளுக்கு விரலையோ மணிக்கட்டையோ சுற்றி நூல் கட்டியதுபோல ஒரு பள்ளம் இருக்கும். அந்தப் பள்ளத்திலிருந்து நுனிப் பக்கமாக விரல் வீங்கியோ நீலமாகவோ இருந்தால் அன்றே ஓட வேண்டும். மணிக்கட்டு கட்டைவிரல் பக்கமாக வளைந்து, கட்டைவிரல் சிறுத்தோ இல்லாமலோ பிறக்கும் குழந்தைகள் உண்டு; அஞ்செட்டிப் பக்கத்திலிருந்து என் பள்ளிக்கு வந்த ஒரு மாணவனுக்கு அப்படி இருந்தது. இத்தகைய கையோடு இதயக் குறை, சிறுநீரகக் குறை, இரத்த அணுக்கள் உருவாவதில் குறை ஆகியவை சேர்ந்து வரக்கூடும் என்பதால், கையைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன் எக்கோ என்ற இதய ஸ்கேனும் வயிற்று ஸ்கேனும் முழு இரத்தப் பரிசோதனையும் செய்தாக வேண்டும். வளைந்த மணிக்கட்டைப் பிறந்த சில வாரங்களிலேயே நீவி நிமிர்த்தி ஸ்பிளிண்ட் கட்டத் தொடங்குவார்கள். கட்டைவிரல் இல்லாத குழந்தைக்கு ஆள்காட்டி விரலையே இடம் மாற்றிக் கட்டைவிரலாக அமைக்கும் அறுவை சிகிச்சையும் பெரும்பாலும் ஒன்று, இரண்டு வயதில் நடக்கிறது. அந்த மாணவன் பத்து வயதில் என்னிடம் வந்தபோது அவனுக்கு ஒரு எக்கோகூட எடுத்திருக்கவில்லை.

ஆறாவது விரலை அதிர்ஷ்டம் என்று விட்டுவிடுவதும், நூலோ தலைமுடியோ கட்டி உதிரவைப்பதும் எங்கள் பக்கம் இன்றும் இருக்கின்றன. நூல் கட்டினால் புண்ணாகிச் சீழ் வைக்கலாம், இரத்தம் கசியலாம், அடியில் மொட்டுப்போலச் சதை தங்கித் தொட்டாலே வலிக்கலாம். எலும்போடு கூடிய விரலாக இருந்தால் இன்னும் ஆபத்து. மறுபுறம், கட்டைவிரல் மடங்கிக்கொண்டு நிமிராமல் நிற்கும் குழந்தைகளில் பலருக்கு மருத்துவரே சில காலம் பார்க்கலாம் என்பார். அவர்களில் ஒரு பகுதியினருக்குத் தானாகவே சரியாகிறது. பார்த்துவிட்டு, அடுத்த தேதியை எழுதிக் கொடுத்து, காத்திருக்கச் சொல்லும் மருத்துவரை நம்பலாம். தேதியே இல்லாமல் வளரட்டும் என்று மட்டும் சொன்னால் இன்னொருவரிடம் கேட்டாக வேண்டும்.

எங்கே போவது என்பதற்கு இன்று எங்கள் மாவட்டங்களிலேயே தொடக்கம் இருக்கிறது. தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி 2008-லும் கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி 2022-லும் தொடங்கப்பட்டவை. அங்கே குழந்தைகள் நலப் பிரிவில் காட்டி எக்ஸ்ரே எடுத்து, பரிந்துரைக் கடிதம் பெறலாம். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் பேராசிரியர் ஆர்.வெங்கடசாமி வளர்த்தெடுத்த, கைக்கென்றே தனியான அறுவை சிகிச்சைத் துறை இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யில் 1940-களின் இறுதியில் தொழுநோயாளிகளின் கைகளைச் சீரமைக்கத் தொடங்கிய டாக்டர் பால் பிராண்ட் பெயரிலேயே கை அறுவை சிகிச்சை மையம் இயங்குகிறது. கிருஷ்ணகிரியிலிருந்து வாணியம்பாடி, ஆம்பூர் வழியாகப் பேருந்திலேயே போய்விடலாம். அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் மருத்துவக் குழு, 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டத்தைச் சேர்ந்தது. அதன் பிறவிக் குறைகள் பட்டியலில் உதட்டுப் பிளவு, வளைந்த பாதம், இதயக் குறை, காது கேளாமை போன்றவை இருக்கின்றன. கை விரல் குறைகள் தனியாகக் குறிப்பிடப்படவில்லை. ஆகவே அவர்கள் கேட்பார்கள் என்று காத்திராமல், நாமே கையை நீட்டிக் காட்டி, பிறவிக் குறையுள்ள பிள்ளைகளைப் பார்க்கும் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டுச் சேவை மையத்துக்குக் கடிதம் கேட்க வேண்டும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர, கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்க வேண்டும். குடும்ப அட்டையில் குழந்தையின் பெயர் இருக்க வேண்டும். எங்களுக்குப் பெயர் சேர்ப்பதில்தான் வாரங்கள் கரைந்தன. பிறப்புச் சான்றில் பெயர் பதிந்ததும் குடும்ப அட்டையிலும் ஆதாரிலும் சேர்த்துவிட்டால் அந்த அலைச்சல் மிச்சம். அரசு மருத்துவமனை என்பதால் எங்களுக்குப் பெரும்பாலும் போக்குவரத்துக்கும் துணைக்கு இருந்தவர்களின் சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும்தான் பணம் செலவானது. கூலி இழந்த நாட்களின் கணக்கு அதைவிடப் பெரிது.

ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட பிள்ளையை இடது கையால் எழுது என்று பழக்கிவிடாதீர்கள். எந்தக் கை எழுதத் தகுந்தது என்று சிகிச்சை அளிப்பவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். மற்ற பிள்ளைகள் கேட்கும்போது அவள் சொல்வதற்கு எளிமையான ஒரு பதிலை வீட்டிலேயே சொல்லிக் கொடுத்தோம்: "பிறக்கும்போதே ஒட்டியிருந்துச்சு, டாக்டர் பிரிச்சு விட்டாங்க." வகுப்பில் அதைச் சொன்னதும் கேள்வி கேட்ட பிள்ளைகள் விரலைத் தொட்டுப் பார்த்துவிட்டு விளையாடப் போய்விட்டார்கள்.

வளரும் வயதில், பிரித்த விரல்களின் அடியில் உள்ள தோல் மெல்ல மேலேறி மறுபடி ஒட்டுவதுபோல வரக்கூடும் என்பதால், வளர்ச்சி முடியும் வரை ஆண்டுதோறும் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். மடங்கிய மூட்டுக்கு இன்னொரு அறுவை சிகிச்சை தேவையா என்பதை அடுத்த எக்ஸ்ரே பார்த்துச் சொல்வார்கள். அதற்கான தேதியை மே விடுமுறையில் வாங்கியிருக்கிறோம். பழைய எக்ஸ்ரேக்களும் இரண்டு அறுவை சிகிச்சைகளின் குறிப்புகளும் ஒரே உறையில் தயாராக இருக்கின்றன.